வார்கெர்ட்டில் எடுத்த படம்

ஆஸ்திரியாவின் கிழக்குக் கோடியில், நாணல் அடர்ந்த ஓர் ஏரியின் கரையில், திராட்சைத் தோட்டங்கள் குன்றேறிக் குன்றிறங்கும் இடத்தில் வார்கெர்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. முந்நூறு வருடங்களாக வைன் வடித்து, வைன் விற்று, வைனைப் பற்றியே சண்டையும் பிடித்து வாழ்ந்த அந்த ஊர் முன்பு ஹங்கேரிக்குச் சொந்தமாக இருந்தது. முதலாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு மட்டும் எழுந்து ஊரைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. ஆகையால் அங்கே ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பெயர்கள், ஒவ்வொரு கிழவருக்கும் இரண்டு பாஷைகள். அந்த ஊரில் யாரைப் படம் எடுத்தாலும், அவர் நினைத்து ஏங்குகிற, இறந்துபோன ஒருவர் அந்தப் படத்தில் அவருக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்.

இது தொடங்கியது முப்பத்தைந்து வருடங்களுக்கு முந்திய ஓர் அறுவடைத் திருநாளில். பீப்பாய் செய்கிறவரின் மனைவியை, முதற்கூடைத் திராட்சையோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். கழுவிப் பார்த்தால், நான்கு வருடங்களுக்கு முன் மண்ணுக்குள் போன அவளுடைய புருஷன் தோல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கையில் சுத்தியலுடன், கூடையின் மற்றக் காதைப் பிடித்தபடி நின்றார். ஸ்ரூடியோக்காரர் மூன்று தரம் கழுவினார். மூன்று தரமும் அவர் நின்றார். அந்தப் பெண் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லகாலம், கூடை பாரம்" என்று மட்டும் சொன்னாளாம்.

அதற்குப் பிறகு ஊர் அதற்குப் பழகிய விதந்தான் சொல்லவேண்டியது. நகரசபை கமெராக் கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதியது, பதில் வரவில்லை. பாஸ்போர்ட்டுக்கு அனுப்பிய படங்கள் எல்லாம் "ஒரு படத்தில் ஓர் ஆள்தான் இருக்கலாம்" என்ற குறிப்போடு திரும்பி வந்ததனால், ஊர்ச்சனம் பாஸ்போர்ட் படத்துக்கு மட்டும் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போகப் பழகியது. பாதிரியார் ஆறு மாதம் யோசித்துவிட்டு, இதில் பாவம் எதுவும் இல்லை, ஆனால் பூசை நேரத்தில் படம் எடுக்கவேண்டாம், கோயிலில் உட்காரும் வாங்குகளில் இடம் போதாது என்றார். இரண்டாந்தாரமாய் வந்த பெண்கள் கல்யாணப் படத்தில் முதல் மனைவிக்கு இடப்பக்கம் விட்டுக்கொடுப்பதா வலப்பக்கம் விட்டுக்கொடுப்பதா என்று வாதாடி, கடைசியில் வலப்பக்கம் என்று ஊர்வழக்கம் ஆயிற்று. பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களில் கேக்குக்குப் பின்னால் பூட்டன்மார் நிறைந்து நின்றார்கள். கொஞ்சக் காலத்தில் யாரும் அழுவதை விட்டுவிட்டார்கள். "அப்பா இந்த முறை வெயிலுக்குள்ள நிக்கிறார் பார்" என்று படத்தைக் கைமாற்றி, குவளையில் வைன் ஊற்றிக்கொண்டு அடுத்த கதைக்குப் போனார்கள்.

அந்த ஊருக்கு, ஒரு ஒக்டோபர் மாதத்துக் காலைப் பொழுதில், வியன்னாவிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி, கிளிநொச்சியைச் சேர்ந்த தவமலரும் அவளுடைய மகள் நிரோஜினியும் வந்து இறங்கினார்கள்.

தவமலருக்கு ஐம்பத்தொரு வயது. நெற்றியில் சிவப்புப் பொட்டும் கழுத்தில் தாலிக்கொடியும், சேலைக்கு மேல் மகள் வாங்கிக் கொடுத்த கனத்த குளிர்ச்சட்டையும் போட்டிருந்தாள். மூன்று மாத விசாவில் மகளைப் பார்க்க வந்தவள். அவளுடைய புருஷன் குணநாயகம், ட்ரக்டர் ஓட்டியவர், யுத்தம் முடிந்த நாளில் ஒரு பாலத்தடியில் "பெயர் பதிஞ்சுபோட்டு வாறன்" என்று சொல்லி, கையில் ஒரு ஷொப்பிங் பையோடு இராணுவம் கூட்டிய வரிசையில் போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு பதினாறு வருடங்கள். தெருவோரக் கொட்டகையில், காணாமற்போனவர்களைக் கேட்டு இருக்கிற பெண்களோடு அவளும் போய் இருந்தாள். மற்றவர்களின் மடியில் படங்கள் இருந்தன. அவளுடைய மடியில் பெயர் எழுதிய மட்டை ஒன்றுதான் இருந்தது, ஏனென்றால் கல்யாணப் படம் உட்பட எல்லாப் படங்களும் ஒரு ட்ரங்குப் பெட்டியோடு பதுங்குகுழிக்குள் புதைந்துபோய்விட்டன. "இன்னும் ஏன் பொட்டு?" என்று ஊரில் சிலர் கேட்டார்கள். "அவர் வந்து கேட்டா என்ன சொல்லுறது?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

நிரோஜினிக்கு அப்போது எட்டு வயது. அப்பா வரிசையில் போகும்போது தெரிந்த முதுகும், சட்டையில் வியர்வை படிந்திருந்த இடமும் அவளுக்கு ஞாபகம் இருந்தன. முகம் இல்லை. இப்போது வியன்னாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே அவள் குளிப்பாட்டி விடுகிற ஒரு கிழவிதான், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த படத்தைக் காட்டி, வார்கெர்ட்டைப் பற்றி அவளுக்குச் சொன்னவள்.

அதில் ஒன்றையும் அவள் தாயிடம் சொல்லவில்லை. "திராட்சைத் தோட்டம் பாக்கப் போறம் அம்மா" என்றுதான் கூட்டிக்கொண்டு வந்தாள்.

ஊரைச் சுற்றிக் காட்டியவள் மார்கிட் என்ற பெண். அறுபது தாண்டியவள், பச்சைத் தொப்பி, கையில் சுருக்கிய குடை. பத்துப் பதினைந்து பயணிகளை ஆட்டுமந்தைபோல் அந்தக் குடையால் சாய்த்துக்கொண்டு போய், புகைபோக்கிகளின் மேல் நாரைகள் விட்டுப்போன கூடுகளைக் காட்டினாள், கதவு நிலைகளில் கொத்தியிருந்த திராட்சைக் குலைகளைக் காட்டினாள், ஏரியிலிருந்து எழும் மூடுபனி பழங்களில் பூஞ்சணம் பிடிக்கவைத்து, சுருங்கவைத்து, தேனாக்கும் விதத்தைச் சொன்னாள். நிரோஜினி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இவ என்ன பிள்ளை, மூச்சுக்கு மூச்சு போர் போர் எண்டுறா?" என்று தவமலர் மெல்லக் கேட்டாள்.

"ஹங்கேரிப் பாஷையில வைனுக்கு அதுதான் பேர் அம்மா."

"நல்ல பேர்தான் வைச்சிருக்கினம்" என்றாள் தவமலர்.

சதுக்கத்துக்கு வந்ததும் மார்கிட் குடையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினாள். கோயில் நேரத்தையும் கழிவறை இருக்கும் இடத்தையும் சொல்கிற அதே குரலில், படங்களைப் பற்றிச் சொன்னாள். இங்கே எடுக்கிற படங்களில் உங்களுடையவர்கள் வருவார்கள், இறந்தவர்கள் மட்டும். இறக்கும்போது எந்த வயதில், எந்தக் கோலத்தில் இருந்தார்களோ அப்படி வருவார்கள். நீங்கள் முகம் மறந்துபோனவர்கள் வரமாட்டார்கள். அவர்களுக்கு வழி தெரியாது. முன்பின் தெரியாதவரைப் படம் எடுக்கமுதல் தயவுசெய்து கேளுங்கள்.

நிரோஜினி மொழிபெயர்க்காமல் நின்றாள். தவமலர் அவளுடைய முகத்தைப் பார்த்தாள்.

"என்னவாம்?"

நிரோஜினி சொன்னாள். ஒவ்வொரு சொல்லாய், மிச்சம் வைக்காமல் சொன்னாள்.

இது எப்படி நடக்கும் என்று தவமலர் கேட்கவில்லை, பொய் என்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துத் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, சதுக்கத்தில் பயணிகள் தூக்கிப் பிடித்த போன்களுக்கெல்லாம் முதுகைக் காட்டியபடி, சுவரோடு சுவராக நடக்கத் தொடங்கினாள். கிணற்றடியில் ஒரு யப்பானியத் தம்பதி படம் எடுத்தார்கள், அவள் தூணுக்குப் பின்னால் போனாள். நகரசபை வாசலில் ஒரு புது மணப்பெண்ணை எடுத்தார்கள், அவள் குனிந்து, யுத்தத்தில் செல் குண்டு விழும்போது ஓடப் பழகிய அதே ஓட்டமாக, வீடுகளுக்கு இடையே போன ஒடுங்கிய ஒழுங்கைக்குள் ஓடினாள். ஒழுங்கையின் முடிவில், குன்றுக்குள் குடைந்த ஒரு வைன் நிலவறை திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு. அதற்குள் இறங்கினாள்.

நிரோஜினியும் மார்கிட்டும் தேடிக்கொண்டு வந்தபோது, அவள் இரண்டு பெரிய பீப்பாய்களுக்கு நடுவில், ஆட்டுத்தோல்போல் கறுத்த பூஞ்சணம் படர்ந்த சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்ல?" என்றாள்.

"சொன்னா வந்திருக்க மாட்டியள்."

"ஓம். வந்திருக்க மாட்டன். என்ர பிள்ளை என்னைத் தாலி அறுக்கக் கூட்டிக்கொண்டு வருவாள் எண்டு நான் நினைக்கேல்ல."

மார்கிட்டுக்குப் பாஷை விளங்கவில்லை. ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. ஒரு மரக்குற்றியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிரோஜினியைப் பார்த்து, "இதை அவவுக்குச் சொல்லு" என்றாள்.

தன்னுடைய மகன் அந்திராஷ் இருபத்திரண்டாவது வயதில் கப்பலில் வேலைக்குப் போனான், இரண்டு வருடத்துக்குப் பிறகு கடிதம் நின்றுபோயிற்று என்றாள் மார்கிட். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசைக்குப் போகமுதல் அவள் வாசலில் நின்று ஒரு படம் எடுப்பாள். அவளுடைய தகப்பன் வருவார், தமக்கை வருவாள், மகன் வரமாட்டான். இப்படி ஒன்பது வருடங்கள், அவன் வராத படங்களைச் சுவர் முழுக்க ஒட்டிவைத்தாள். "மகன் இல்லாத படத்தைப் பார்த்துச் சிரிக்கிற தாய் இந்த ஊரில் நான் ஒருத்திதான். ஒரு பங்குனி மாதம் வந்தான். தாடி வைத்திருந்தான்."

நிரோஜினி இதைச் சொல்லி முடிக்கும்வரை தவமலர் மார்கிட்டின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வந்த பிறகு?" என்று கேட்டாள்.

"பிறகு எனக்கு நித்திரை வந்தது" என்றாள் மார்கிட்.

"எனக்கு நித்திரை வேண்டாம் எண்டு சொல்லு" என்றாள் தவமலர்.

நிரோஜினி அதைச் சொல்லவில்லை. தாயின் காலடியில், ஈரமண்ணில், அப்படியே குந்தினாள்.

"நான் வைகாசியில இஞ்ச வந்தனான் அம்மா. தனிய வந்தனான். ஊர் முழுக்க நிண்டு படம் எடுத்தன். நாப்பது படம். ஒண்டிலயும் அப்பா இல்லை. எல்லாத்திலயும் நான் மட்டும். அப்பா உயிரோட இருக்கிறாரெண்டு சந்தோசப்படவா, நான் அவரின்ர முகத்தை மறந்திட்டன் எண்டு அழவா? எனக்குத் தெரியேல்ல. பஸ்ஸுக்குள்ள முழுக்க இதைத்தான் யோசிச்சுக்கொண்டு போனன். அண்டையிலயிருந்து இதைத்தான் யோசிக்கிறன்."

"நான் உனக்குச் சொன்னனான்தானே அவர் எப்பிடி எண்டு. உன்ர மூக்குத்தான். நெத்தி அகலம். கன்னத்தில மச்சம்."

"எந்தக் கன்னத்தில?"

தவமலர் கையை உயர்த்தி வலது கன்னத்தைத் தொட்டாள். பிறகு அந்தக் கை இடது கன்னத்துக்குப் போயிற்று. பிறகு இரண்டு கன்னத்தையும் தொடாமல், காற்றில், முகத்துக்கு முன்னால் நின்றது. கொட்டகையில் பக்கத்தில் இருந்தவர்களின் மடிகளில் பதினாறு வருடமாகப் பார்த்துப் பார்த்து வந்த ஆண்களின் முகங்கள், ஒருவரின் மீசை, ஒருவரின் சிரிப்பு, ஒருவரின் மச்சம், எல்லாம் அந்த இருட்டில் அவளுக்கு முன்னால் வந்து கலந்து நின்றன. அவற்றுள் அவளுடைய ஆள் யார் என்று அவளால் பிரித்து எடுக்க முடியவில்லை.

பீப்பாய்களுக்குள் புது வைன் புளித்துப் பொங்குகிற சிறு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு தலைப்பைத் தலையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், படிகளில் ஏறி வெளியே போனாள்.

அவர்கள் பின்னால் ஏறி வந்தபோது, ஒழுங்கையின் மறுபக்கத்தில், மஞ்சள் பூசிய சுவர் ஒன்றின் முன்னால், வெயிலில், அவள் நிமிர்ந்து நின்றாள். இடது பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தாள்.

"எடு" என்றாள்.

"வேண்டாம் அம்மா. நான் பிழை விட்டிட்டன். வாங்கோ, வீட்டை போவம்."

"எடு பிள்ளை. வராட்டி அவர் இருக்கிறார், அல்லாட்டி நானும் மறந்திட்டன். வந்தா உனக்கு அப்பாவின்ர முகம் கிடைக்கும். எது எண்டாலும் நான் தாங்குவன். கை நடுங்காமல் எடு."

நிரோஜினி போனை உயர்த்திப் பிடித்தாள். மார்கிட் பின்னால் வந்து அவளுடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். போனில் அந்தச் சின்னச் சத்தம் கேட்டது.

நிரோஜினி படத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். தவமலர் அவளுடைய தோளின் மேலால் குனிந்தாள்.

மஞ்சள் சுவரின் முன்னால், அவள் விட்ட இடத்தில், குணநாயகம் நின்றார். அகன்ற நெற்றி. நிரோஜினியின் மூக்கு. இடது கன்னத்தில் மச்சம். ஆனால் வரிசையில் போன முப்பத்தெட்டு வயதுக்காரர் அல்ல. தலைமயிர் முக்கால்வாசியும் நரைத்திருந்தது. தோள் சற்றுக் கூனியிருந்தது. மூக்கில் ஒரு கண்ணாடி, அதன் ஒரு கால் உடைந்து, நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. ஐம்பது வயதை எட்டிப் பார்த்த ஒரு மனிதர், கமெராவைப் பாராமல், பக்கத்தில் நிற்கிற மனைவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா" என்றாள் நிரோஜினி. முதல்முறை காண்கிற ஒருவரை அழைப்பதுபோல அழைத்தாள். பிறகு, "அம்மா, அப்பா செத்திட்டாரம்மா" என்று சொல்லி, தாயின் சேலையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

"ஓம் பிள்ளை" என்றாள் தவமலர். "ஆனா அண்டைக்குச் சாகேல்ல."

போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். இரண்டு விரல்களால் எப்படிப் பெரிதாக்குவது என்று மகள் விக்கலுக்கிடையில் காட்டிக் கொடுத்தாள். தவமலர் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, வயல் பார்க்கிறவள்போல, அவரைப் பார்த்துக்கொண்டு போனாள்.

"நரைச்சிருக்கு. பன்னிரண்டு, பதின்மூண்டு வருசம் இருந்திருக்கிறார். நான் இருக்கிறார் இருக்கிறார் எண்டு சொல்லேக்க இருந்துதான் இருக்கிறார். கண்ணாடி போட்டிருக்கிறார் பார், ஆரோ கண்ணைப் பாத்து வாங்கிக் குடுத்திருக்கினம். மெலியேல்ல. ஆரோ சோறு போட்டிருக்கினம்." விரல் சட்டைப் பொத்தான் ஒன்றில் நின்றது. "இந்தச் சட்டைத் தெறி வேற நிறம். வெள்ளைச் சட்டைக்குக் கறுத்த நூலால ஆரோ தைச்சு விட்டிருக்கினம். அவருக்கு ஊசியில நூல் கோக்கவும் தெரியாது."

எங்கே இருந்தார், யாருடைய கையால் அந்தச் சோறு, யாருடைய கையால் அந்தத் தெறி என்று படத்தில் எழுதியிருக்கவில்லை. அந்தத் தெறியைத் தைத்த கை ஆணுடையதோ பெண்ணுடையதோ, சிறையிலோ வீட்டிலோ, அது நல்லாயிருக்கவேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அழுதாள். மார்கிட் அவளுக்குப் பக்கத்தில், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, குதிரைவண்டிகள் தேய்த்த அந்தக் கற்றெருவில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பயணிகள் எல்லோரும் தாங்களாகவே கலைந்து எங்கெங்கோ போயிருந்தார்கள்.

யாருடைய படத்திலாவது இறந்த ஒருவர் முதன்முதலாக வந்து நின்றால், அன்றைக்கு ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒழுங்கையில் இருந்த வீடொன்றின் கதவு திறந்து, ஒரு பெண் தட்டில் மூன்று குவளைகளில் அவ்வருடத்துத் திராட்சைச்சாறும், கசகசா வைத்துச் சுட்ட ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதுவும் கேளாமல் போனாள். தவமலர் குடித்தாள். நல்ல இனிப்பு என்றாள். பிறகு சூரியனைப் பார்த்தாள்.

"கடைசி பஸ் எத்தினை மணிக்கு?"

"அஞ்சரைக்கு அம்மா."

"அப்ப எழும்பு. நாங்கள் மூண்டுபேரும் ஒருநாளும் ஒரு இடமும் பாக்கப் போகேல்ல. திருகோணமலைக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லிச் சொல்லியே காலம் போச்சு."

போனின் கறுப்புத் திரையில் முகத்தைப் பார்த்து, அழுது கரைந்த பொட்டைச் சரிசெய்துகொண்டாள். அதன் பிறகு அவர்கள் ஊர் பார்த்தார்கள். கிணற்றடியில் நின்றார்கள், மார்கிட் படம் எடுத்தாள். நகரசபை வாசலில் நின்றார்கள். நாரைக்கூடு தெரியும்படி நின்றார்கள். இப்போது நிரோஜினியும் முகத்தை அறிந்தவள் ஆகிவிட்டதால், அவள் தனியாக நின்ற படங்களிலும் அவர் வந்தார். நகரசபை வாசலில் அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்றார், ஏரிக்கரையில் நாணலைப் பார்த்துக் குனிந்து நின்றார். "அதைப் பாருங்கோ, அந்தப் பழம் பூஞ்சணம் பிடிச்சுத்தான் இனிக்குமாம்" என்று தவமலர், திராட்சைத் தோட்டத்து வேலியைப் பிடித்தபடி, பக்கத்திலிருந்த வெறுங்காற்றுக்குச் சொன்னாள். "இஞ்சாருங்கோ, இந்த எல்லைக்கோடு எழும்பி நடந்ததாம்" என்றாள். வழியில் போன ஊர்க்காரர்கள் அவளுக்கும், அவள் பேசிக்கொண்டு வந்த பக்கத்துக்கும், தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்கள். ஊரின் பழைய கோட்டை வாசலடியில், வெயில் சாய்ந்த நேரத்தில், கடைசிப் படம் எடுத்தார்கள். அதில் அவர் சிரித்தார் என்று நிரோஜினி சொன்னாள். வெயில் கூசியது என்று தவமலர் சொன்னாள்.

மார்கிட் பஸ் நிற்குமிடம்வரை வந்தாள். அவளும் தவமலரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, ஆளுக்காள் தன்தன் பாஷையில், விளங்கவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், எதையோ நீளமாகச் சொல்லிக்கொண்டார்கள்.

பஸ் நிறையச் சனம். தவமலர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள், பக்கத்து ஆசனத்தை அப்பாவுக்கென்று விட்டதுபோல் விட்டுவிட்டு நிரோஜினி நடைபாதைக்கு அப்பால் உட்கார்ந்தாள். பஸ் கோட்டை வாசலைத் தாண்டித் தோட்டங்களுக்கு நடுவே போய், அடுத்த தரிப்பில் நின்றது. கூடை நிறையத் திராட்சையோடு ஏறிய ஒரு கிழவர், தவமலரின் பக்கத்து ஆசனத்தைக் காட்டி ஏதோ கேட்டார்.

"என்னவாம்?" என்றாள் தவமலர்.

"பக்கத்தில ஆராவது இருக்கினமோ எண்டு கேக்கிறார் அம்மா."

தவமலர் அந்த ஆசனத்தைப் பார்த்தாள். அதன் நீலத்துணியைக் கையால் ஒருதரம் தடவினாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தாள்.

"ஒருத்தரும் இல்லை" என்றாள். "இருக்கச் சொல்லு பிள்ளை."